பெயர் பதிவாகும் வாக்கு: செலவு மசோதாக்களின் திருத்தங்கள் குறித்து வாசகர் கேள்விகள்

கேள்வி: ஏதேனும் ஒரு துறையின் மானியக் கோரிக்கை விவாதம் முடிந்த மறுநாள், எதிர்க்கட்சியினர் கொடுத்த வெட்டுத் தீர்மானங்கள் தோற்றன என்று செய்தி வருகிறது. உறுப்பினருக்கு வெட்டுவதற்கு மட்டும்தான் உரிமையா? ஒரு திட்டத்துக்குக் கூடுதலாகப் பணம் ஒதுக்கச் சொல்லி அவர் திருத்தம் கொண்டுவர முடியாதா?

பதில்: முடியாது. இந்திய அரசியல் சாசனத்தின் 113ஆவது பிரிவு மக்களவைக்கு மூன்று வழிகளைத்தான் திறந்து வைத்திருக்கிறது. ஒரு துறையின் செலவுக்காக மானியக் கோரிக்கை என்ற பெயரில் அரசு கேட்கும் தொகைக்கு அவை இசைவு தரலாம், இசைவு தர மறுக்கலாம், அல்லது தொகையைக் குறைத்து இசைவு தரலாம். கூட்டித் தருவது என்ற நான்காவது வழி இல்லை. எந்த மானியக் கோரிக்கையும் குடியரசுத் தலைவரின் பரிந்துரையோடுதான், அதாவது நடைமுறையில் அமைச்சரவையின் விருப்பத்தோடுதான், அவைக்கு வர முடியும் என்று அதே பிரிவு சொல்வதே இதற்குக் காரணம். கோரிக்கைகள் நிறைவேறிய பிறகு வரும் நிதி ஒதுக்கீட்டு மசோதாவிலோ இந்தக் கதவு இன்னும் இறுக்கமாகச் சாத்தப்பட்டிருக்கிறது. ஏற்கெனவே வாக்களிக்கப்பட்ட மானியத்தின் தொகையையோ, அது போய்ச் சேர வேண்டிய இடத்தையோ மாற்றும் எந்தத் திருத்தத்தையும் அந்த மசோதாவுக்கு முன்மொழியக் கூடாது என்கிறது 114ஆவது பிரிவு. மாநிலச் சட்டமன்றங்களுக்கு 203, 204ஆவது பிரிவுகள் இதையே சொல்கின்றன. ஆகவே நம் நாட்டில் ‘செலவு மசோதாவுக்குத் திருத்தம்’ என்று யாரேனும் பேசினால், அவர் மசோதாவுக்கு முந்தைய கட்டத்தில் வரும், கோரிய தொகையைக் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானத்தையே குறிப்பிடுகிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இந்த விதி பிரிட்டனிலிருந்து வந்தது. பணம் கேட்டுத் தனி நபர்களும் குழுக்களும் மனுக்களோடு அவையை மொய்த்த காலத்தில், அரசரின் தரப்பிலிருந்து பரிந்துரைக்கப்படாத எந்தச் செலவையும் எடுத்துக்கொள்வதில்லை என்று அந்நாட்டு மக்கள் சபை 1706இல் தீர்மானித்தது. 1713இல் அதையே நிலையான விதியாக்கிக்கொண்டது. ஒருவர் தொகுதிக்கு இன்னொருவர் தாராளமாக வாக்களித்து, கடைசியில் கணக்குக் கேட்க ஆள் இல்லாமல் போய்விடக் கூடாது என்ற அச்சமே அதன் வேர். பிரான்சின் 1958ஆம் ஆண்டு அரசியல் சாசனமும் தன் 40ஆவது பிரிவில், பொதுச் செலவைப் பெருக்கும் அல்லது வருவாயைக் குறைக்கும் திருத்தத்தை உறுப்பினர் கொண்டுவரத் தடை விதிக்கிறது. ஆனால் 2001இல் இயற்றப்பட்ட நிதிச் சட்டம் சற்று இடம் கொடுத்து, ஒரே பெரும் நோக்கத்தின் கீழ் வரும் திட்டங்களுக்குள் ஒன்றில் குறைத்து இன்னொன்றில் கூட்ட உறுப்பினர்களை அனுமதித்தது.

வெட்டு மட்டுமே கையில் இருப்பதால், அந்த ஒரே கருவியைக் கொண்டு பல செய்திகளைச் சொல்ல நம் மக்களவை விதிகள் வழி செய்திருக்கின்றன. ஒரு துறையின் கொள்கையையே ஏற்கவில்லை என்றால், அதன் கோரிக்கையை 1 ரூபாயாகக் குறைக்க வேண்டும் என்று உறுப்பினர் தீர்மானம் கொடுக்கிறார். இது கொள்கை வெட்டு. வீண்செலவு என்று கருதினால் குறிப்பிட்ட ஒரு தொகையைக் குறைக்கச் சொல்கிறார். இது சிக்கன வெட்டு. ஒரு குறிப்பிட்ட குறையை அவையின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்பினால் 100 ரூபாய் குறைக்கச் சொல்கிறார். இது அடையாள வெட்டு. பல ஆயிரம் கோடி ரூபாய்க் கோரிக்கையில் 100 ரூபாயைக் குறைப்பதால் கருவூலத்துக்கு எதுவும் மிச்சமாகப் போவதில்லை என்பது தீர்மானம் கொடுப்பவருக்கும் தெரியும், பதில் சொல்லும் அமைச்சருக்கும் தெரியும். அந்த 100 ரூபாய், பேசுவதற்கான அனுமதிச் சீட்டு.

இப்படிப்பட்ட சிறு வெட்டு வென்றுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1895 ஜூன் 21 சாட்சி. ராணுவத்திடம் கார்டைட் வெடிமருந்து போதிய அளவு இருப்பில் இல்லை என்று குற்றம் சாட்டி, பிரிட்டனின் போர்த்துறை அமைச்சர் கேம்ப்பெல்-பேனர்மனின் ஊதியத்தில் 100 பவுண்டைக் குறைக்கும் தீர்மானத்தை எதிர்க்கட்சி கொண்டுவந்தது. 132க்கு 125 என்ற கணக்கில் தீர்மானம் வென்றது. வெட்டப்பட்டது ஓர் அமைச்சரின் ஊதியத்தில் ஒரு துண்டுதான் என்றாலும், பிரதமர் ரோஸ்பெரியின் அமைச்சரவையே பதவி விலகியது. அரசு கேட்ட பணத்தை அவை மறுத்தால் அந்த அரசின் மீது அவைக்கு நம்பிக்கை இல்லை என்று பொருள்படும் மரபு நம் நாட்டிலும் இருக்கிறது. வெட்டுத் தீர்மானம் என்றதும் ஆளுங்கட்சி தன் உறுப்பினர் ஒருவரைக்கூட வெளியூரில் விடாமல் திரட்டுவது இதனால்தான்.

கேள்வி: அமெரிக்காவில் மட்டும் உறுப்பினர்கள் செலவு மசோதாக்களுக்கு நூற்றுக்கணக்கில் திருத்தங்கள் கொடுப்பதாகக் கேள்விப்படுகிறேன். அங்கே அவர்கள் விருப்பப்படி கூட்டிக்கொள்ளலாமா?

பதில்: அங்கே செலவை முன்மொழியும் உரிமை அரசிடம் மட்டும் இல்லை. சட்டத்தால் ஒதுக்கப்படாத பணத்தைக் கருவூலத்திலிருந்து எடுக்கக் கூடாது என்று அமெரிக்க அரசியல் சாசனம் சொல்கிறது. அந்தச் சட்டத்தை எழுதுவது பிரதிநிதிகள் சபையும் செனட்டும்தான். அதிபர் அனுப்பும் நிதிநிலை அறிக்கை ஓர் ஆலோசனை என்ற அளவில்தான் நிற்கிறது. அக்டோபர் 1இல் தொடங்கும் நிதியாண்டுக்காக 12 ஒதுக்கீட்டு மசோதாக்களை 12 துணைக்குழுக்கள் தயாரிக்கின்றன. சபையில் அந்த மசோதாக்கள் விவாதத்துக்கு வரும்போது திருத்தங்கள் குவிகின்றன.

ஆனால் விருப்பப்படி கூட்டிவிட முடியாது. 1974ஆம் ஆண்டு வரவு செலவுச் சட்டத்துக்குப் பிறகு ஒவ்வொரு துணைக்குழுவுக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. ஆகவே ஒரு திட்டத்துக்குக் கூட்டச் சொல்லும் உறுப்பினர், அதே மசோதாவில் வேறெங்கோ அதே அளவு குறைக்கவும் சொல்ல வேண்டும். கல்லூரி மாணவர் உதவிக்கு வேண்டும் என்றால் எந்த நிர்வாகச் செலவிலிருந்து எடுப்பது என்பதையும் அந்தத் திருத்தத்திலேயே எழுதியாக வேண்டும். இந்த ஒரு நிபந்தனை வாக்கின் தன்மையையே மாற்றிவிடுகிறது. ‘மாணவர் உதவி வேண்டுமா?’ என்று கேட்டால் எல்லோரும் வேண்டும் என்பார்கள். ‘இதைக் குறைத்து அதைக் கூட்டலாமா?’ என்று கேட்கும்போதுதான் ஒருவரின் உண்மையான முன்னுரிமை வெளிப்படுகிறது. எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்த அம்சம் இதுதான். நம் மன்றங்களிலும் ஒரு துறைக்குள்ளாவது இப்படி மாற்றியமைக்கும் உரிமை உறுப்பினர்களுக்கு வர வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

இன்னொரு வகைத் திருத்தம் தொகையைத் தொடுவதே இல்லை. ‘இந்தச் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் நிதியில் எதையும் இன்ன காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது’ என்ற ஒரே வாக்கியத்தால் அது ஒரு கொள்கையை நிறுத்தப் பார்க்கிறது. கருக்கலைப்புக்கு மத்திய அரசின் நிதியைத் தடை செய்த ஹைட் திருத்தம் 1976இல் இப்படித்தான் ஓர் ஒதுக்கீட்டு மசோதாவில் ஏறியது. 1980இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அது செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஒதுக்கீட்டுச் சட்டத்தின் ஆயுள் ஓராண்டுதான் என்பதால், ஆண்டுதோறும் அதைப் புதிதாகச் சேர்த்துச் சேர்த்தே இத்தனை காலம் உயிரோடு வைத்திருக்கிறார்கள்.

நம் 1 ரூபாய் வெட்டுக்கு அங்கேயும் ஓர் உறவுக்காரர் உண்டு. 1876இல் பிறந்த ஹோல்மன் விதி, குறிப்பிட்ட அரசு அலுவலர் ஒருவரின் ஊதியத்தையே ஒதுக்கீட்டு மசோதாவின் திருத்தத்தால் குறைக்க இடம் தருகிறது. நெடுங்காலம் வழக்கொழிந்திருந்த அந்த விதி 2017இல் மீண்டும் கொண்டுவரப்பட்டு, 2019இல் கைவிடப்பட்டு, 2023இல் திரும்பவும் சேர்க்கப்பட்டது. அந்த ஆண்டு செப்டம்பரில், பாதுகாப்புத் துறை அமைச்சர் லாயிட் ஆஸ்டினின் ஊதியத்தை 1 டாலராகக் குறைக்கும் திருத்தத்தைப் பிரதிநிதிகள் சபை ஏற்றது. இறுதிச் சட்டத்தில் அது இடம்பெறவில்லை. ஒரு செய்தியை மட்டும் இங்கே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு நாட்டின் பாதுகாப்பு அமைச்சரைப் பற்றிய அந்தத் திருத்தம் குரல் வாக்கெடுப்பில்தான் நிறைவேறியது. யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார் என்ற பெயர்ப் பட்டியல் அதற்குக் கிடையாது.

கேள்வி: குரல் வாக்கெடுப்பு, டிவிஷன் என்று இரண்டு சொற்கள் வருகின்றன. முடிவு ஒன்றுதானே, எந்த முறையில் எண்ணினால் என்ன?

பதில்: முடிவு ஒன்றாகவே இருக்கும் என்று சொல்லிவிட முடியாது. முடிவு மாறாவிட்டாலும், வாக்காளருக்குக் கிடைக்கும் தகவல் அடியோடு மாறுகிறது. இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன்.

மக்களவையில் நடப்பதை முதலில் பார்ப்போம். விவாதம் முடிந்ததும் சபாநாயகர் தீர்மானத்தைப் படித்து, ஆதரிப்பவர்கள் ‘ஆம்’ என்றும் எதிர்ப்பவர்கள் ‘இல்லை’ என்றும் சொல்லுமாறு கேட்கிறார். எந்தக் குரல் ஓங்கியது என்று தன் செவிக்குப் பட்டதை அறிவிக்கிறார். யாரும் மறுக்காவிட்டால் அதோடு முடிந்தது. உறுப்பினர் எவரேனும் மறுத்து டிவிஷன் கேட்டால், அவையை ஒட்டிய முகப்புக் கூடங்களைக் காலி செய்ய உத்தரவிடப்படுகிறது. மூன்றரை நிமிடம் மணி ஒலிக்கிறது. நூலகத்திலும் உணவகத்திலும் இருக்கும் உறுப்பினர்கள் இருக்கைக்கு ஓடி வருகிறார்கள். பின் கதவுகள் அடைக்கப்படுகின்றன. தீர்மானம் இரண்டாவது முறையாகப் படிக்கப்பட்டு, மறுபடியும் முடிவு மறுக்கப்பட்டால், உறுப்பினர்கள் தத்தம் மேசையில் உள்ள பொத்தானை அழுத்துகிறார்கள். ஆம் என்பதற்குப் பச்சை, இல்லை என்பதற்குச் சிவப்பு, நடுநிலைக்கு மஞ்சள். அந்தக் கணத்தில்தான் ஒவ்வொரு உறுப்பினரும் தன் பெயரில் நிற்கிறார். ஆனால் டிவிஷன் தேவையின்றிக் கோரப்படுவதாகச் சபாநாயகர் கருதினால், இரு தரப்பினரையும் எழுந்து நிற்கச் சொல்லித் தலைகளை எண்ணி முடிவை அறிவிக்கலாம் என்றும் விதி சொல்கிறது. அப்போது பெயர்கள் பதிவாவதில்லை.

பெயர் பதிவாவதற்கும் ஆகாததற்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதற்கு அமெரிக்காவின் அனுபவத்தைத்தான் சிறந்த சான்றாகக் கொள்கிறேன். அங்கே ஒதுக்கீட்டு மசோதாக்களின் திருத்தங்களைப் பிரதிநிதிகள் சபை அவையாக இருந்து எடுத்துக்கொள்வதில்லை. எல்லா உறுப்பினர்களும் அடங்கிய ‘முழு அவைக் குழு’ என்ற வடிவத்துக்கு மாறித்தான் எடுத்துக்கொள்கிறது. பிரிட்டனில், மன்னரின் ஆளாகக் கருதப்பட்ட சபாநாயகரை ஒதுக்கி வைத்துவிட்டு மனம் விட்டுப் பேசுவதற்காக உறுப்பினர்கள் கண்டுபிடித்த ஏற்பாடு அது. 100 பேர் இருந்தால் குழு நடக்கும் என்பதால் வேலையும் விரைவாக நடந்தது. ஆனால் குழுவில் பெயர் பதிவு கிடையாது. திருத்தத்தை ஆதரிப்பவர்கள் நடைபாதை வழியாக வரிசையாக நடந்து வருவார்கள். எண்ணுவதற்கு நியமிக்கப்பட்டவர்கள் தலைகளை எண்ணுவார்கள். அடுத்து எதிர்ப்பவர்கள் நடப்பார்கள். மேல்மாடத்தில் அமர்ந்திருக்கும் செய்தியாளர் முகங்களை அடையாளம் காண முயலலாம்; அவ்வளவுதான். அரசியல் சாசனம், ஐந்தில் ஒரு பங்கினர் கேட்டால் பெயர்களைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று அவைக்கு விதித்திருந்தும், அந்த விதி குழுவின் வாசலோடு நின்றுவிட்டது. நாட்டின் செலவு குறித்த மிக முக்கியமான முடிவுகள் ஏறத்தாழ 180 ஆண்டுகள் இப்படிப் பெயரில்லாமலே எடுக்கப்பட்டன.

1970ஆம் ஆண்டின் நாடாளுமன்றச் சீரமைப்புச் சட்டம் இதை மாற்றி, நடந்து செல்லும் உறுப்பினர்களின் பெயர்களையும் பதிவு செய்ய வழி திறந்தது. ஒலியை விட வேகமாகப் பறக்கும் பயணிகள் விமானத்தை உருவாக்க போயிங் நிறுவனத்துக்கு அரசு பணம் கொடுத்து வந்த காலம் அது. அந்தப் பணத்தை நிறுத்தக் கோரிய திருத்தம் 1970இல் பெயர் பதிவாகாத முறையில் பிரதிநிதிகள் சபையில் தோற்றிருந்தது. 1971 மார்ச்சில் சபை உறுப்பினர் சிட்னி யேட்ஸ் அதே நோக்கத்தோடு மீண்டும் திருத்தம் கொண்டுவந்தபோது பெயர்கள் பதிவாகின; திருத்தம் வென்றது. சில நாட்களில் செனட்டும் 51க்கு 46 என்ற கணக்கில் பணத்தை மறுக்க, அந்தத் திட்டம் அத்தோடு முடிந்துபோனது. ஓராண்டில் சுற்றுச்சூழல் குறித்த மக்கள் கருத்தும் வலுப்பெற்றிருந்தது. ஆகவே முழுப் புகழையும் வாக்கெடுப்பு முறைக்கே கொடுத்துவிடக் கூடாது. இருந்தாலும், தொகுதி மக்கள் பட்டியலைப் பார்ப்பார்கள் என்று தெரிந்த பிறகு போடும் வாக்கு வேறு, தெரியாது என்ற நிம்மதியில் போடும் வாக்கு வேறு.

1973 ஜனவரியில் மின்னணு முறை வந்த பிறகு நடைபாதை ஊர்வலம் நின்றது. இப்போது உறுப்பினர் தன் அட்டையைச் செருகிப் பொத்தானை அழுத்துகிறார். சுவரில் அவர் பெயருக்கு அருகே பச்சையோ சிவப்போ ஒளிர்கிறது. முழு அவைக் குழுவில் 25 பேர் எழுந்து கேட்டாலே பெயர்ப் பதிவு உண்டு. முதல் வாக்குக்கு வழக்கமாக 15 நிமிடம் தருகிறார்கள். அடுத்தடுத்து வரிசையாக வரும் திருத்தங்களுக்கு 2 நிமிடமாகவும் சுருக்குகிறார்கள். இருபது, முப்பது திருத்தங்களை ஒரே மூச்சில் வாக்குக்கு விடும் இரவுகளில், ஒவ்வொன்றையும் படித்துப் பார்த்துத்தான் உறுப்பினர் பொத்தானை அழுத்துகிறார் என்று நான் சொல்ல மாட்டேன். கட்சி கொடுத்த ஒற்றைத் தாள் குறிப்பு பல நேரம் அவருக்கு வழி காட்டுகிறது. பெயர் பதிவாவதாலேயே வாக்கு ஆழ்ந்து சிந்தித்த வாக்காகிவிடாது. ஆனால் சிந்திக்காமல் போட்டார் என்று கேள்வி கேட்பதற்காவது அந்தப் பெயர் வேண்டும். பிரிட்டன் தன் வாக்குப் பட்டியல்களை 1836இலிருந்து அதிகாரப்பூர்வமாக வெளியிட்டு வருகிறது.

கேள்வி: கட்சிக் கொறடா உத்தரவிட்ட பிறகு உறுப்பினர் தன் மனசாட்சிப்படி வாக்களிக்க முடியுமா? முடியாது என்றால் பெயரைப் பதிவு செய்து என்ன பயன்?

பதில்: உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதி கூர்மையானது. 1985இல் சேர்க்கப்பட்ட பத்தாவது அட்டவணையின்படி, கட்சியின் கட்டளைக்கு மாறாக அவையில் வாக்களித்தாலோ, வாக்களிக்காமல் இருந்தாலோ, கட்சி அதை மன்னிக்காத நிலையில் உறுப்பினர் பதவியை இழக்கலாம். நம்பிக்கை வாக்கெடுப்புக்கு மட்டும் என்று இல்லாமல், 100 ரூபாய் அடையாள வெட்டுக்கும் இதே தண்டனைதான். உறுப்பினர்களை விலைக்கு வாங்கிக் கட்சி மாற வைப்பதைத் தடுக்க வந்த சட்டம், ஒரு துறையின் செலவில் ஒரு குறையைக் காணும் ஆளுங்கட்சி உறுப்பினரின் கையையும் சேர்த்துக் கட்டிவிட்டது என்பது என் கருத்து. அரசின் வாழ்வா சாவா என்ற வாக்குகளுக்கு மட்டும் அந்தக் கட்டைக் குறுக்கினால், வெட்டுத் தீர்மானம் தன் வேலையைச் செய்யத் தொடங்கும்.

ஆனாலும் இங்கே பெயர் பதிவு வீண் அல்ல. 2010 ஏப்ரல் 27ஆம் தேதியை நினைத்துப் பாருங்கள். எரிபொருள், உர விலை உயர்வை எதிர்த்து பா.ஜ.க.வும் இடதுசாரிகளும் கொண்டுவந்த வெட்டுத் தீர்மானம் மக்களவையில் டிவிஷனுக்குப் போனது. ஆதரவாக 201, எதிராக 289 வாக்குகள். மன்மோகன் சிங் அரசு தப்பியது. விலைவாசியைக் கண்டித்து வந்த பகுஜன் சமாஜ் கட்சி அரசின் பக்கம் நின்றது. சமாஜ்வாடியும் ராஷ்ட்ரிய ஜனதா தளமும் வெளிநடப்புச் செய்தன. பா.ஜ.க. ஆதரவோடு ஜார்க்கண்ட் முதல்வராகவும், அதே வேளையில் மக்களவை உறுப்பினராகவும் இருந்த சிபு சோரன் அந்தத் தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்தார். அதைக் காரணம் காட்டி பா.ஜ.க. தன் ஆதரவைத் திரும்பப் பெற முனைய, மே மாத இறுதியில் அவர் முதல்வர் பதவியிலிருந்து விலக நேர்ந்தது. டெல்லியில் அழுத்திய ஒரு பொத்தானின் ஓசை ராஞ்சியில் ஓர் அரசைச் சாய்த்தது. குரல் வாக்கெடுப்போடு அன்று முடிந்திருந்தால், எந்தக் கட்சி மேடையில் என்ன பேசி அவையில் என்ன செய்தது என்பது நமக்குத் தெரிந்தே இருக்காது.

கொறடாவின் பிடி தளர்ந்த இடத்தில் எப்படி இருக்கும் என்பதற்கு 2013 ஜூலை 24 நல்ல உதாரணம். அமெரிக்கர்களின் தொலைபேசி அழைப்பு விவரங்களைத் தேசியப் பாதுகாப்பு முகமை மொத்தமாகச் சேகரிப்பது எட்வர்ட் ஸ்னோடன் மூலம் வெளியாகி அப்போது இரண்டு மாதங்கள்கூட ஆகவில்லை. அந்தச் சேகரிப்புக்குப் பணம் செலவிடக் கூடாது என்று பாதுகாப்பு ஒதுக்கீட்டு மசோதாவுக்குக் குடியரசுக் கட்சியின் ஜஸ்டின் அமாஷும் ஜனநாயகக் கட்சியின் ஜான் கான்யர்ஸும் சேர்ந்து ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். வெள்ளை மாளிகை எதிர்த்தது. இரு கட்சித் தலைமைகளும் எதிர்த்தன. வழக்கமாக வாக்களிக்காத சபாநாயகர் ஜான் பேய்னர் தாமே வந்து எதிராக வாக்களித்தார். முடிவு 205க்கு 217. ஆதரித்தவர்களில் 94 பேர் குடியரசுக் கட்சியினர், 111 பேர் ஜனநாயகக் கட்சியினர். திருத்தம் தோற்றது. ஆனால் 12 வாக்குகள் மட்டுமே குறைந்தன என்பதும், அவை கட்சிக் கோட்டைத் தாண்டி விழுந்த வாக்குகள் என்பதும் பெயரோடு பதிவாகிவிட்டன. 2015இல் அந்த மொத்தச் சேகரிப்பை நிறுத்தும் சட்டம் நிறைவேறியது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2016 மே 19 அன்று, அரசு ஒப்பந்ததாரர்கள் ஓர்பாலீர்ப்பினர் உள்ளிட்டோரைப் பாகுபடுத்தினால் அவர்களுக்கு நிதி தரக் கூடாது என்று அதே சபையில் ஜனநாயகக் கட்சியின் ஷான் பேட்ரிக் மலோனி ஒரு திருத்தம் கொண்டுவந்தார். நேரம் முடியும்போது பலகையில் 217 ஆதரவு வாக்குகள் ஒளிர்ந்தன, வென்றுவிடும் நிலை. வாக்கெடுப்பை முடிக்காமல் நீட்டித்தார்கள். பச்சைகள் ஒவ்வொன்றாகச் சிவப்பாயின. 212க்கு 213 என்று திருத்தம் தோற்றதாக அறிவிக்கப்பட்டபோது எதிர்வரிசையில் ‘வெட்கம், வெட்கம்’ என்ற முழக்கம் எழுந்தது. இயந்திரத்திலேயே மாற்றிக்கொண்ட வாக்கு பதிவேட்டில் இறுதி நிலையாக மட்டுமே தெரியும். மாறிய கதை அதில் தெரியாது. அடுத்த வாரம் அவர் அதே கருத்தை எரிசக்தி, நீர்வள மசோதாவில் வைத்து 223க்கு 195 என்று வென்றார். ஆனால் அந்தத் திருத்தம் ஏறிய மசோதாவையே அவருடைய எதிர்த்தரப்பினர் பலர் ஏற்க மறுக்க, அவர் கட்சியினரும் மசோதாவின் வேறு அம்சங்களை எதிர்க்க, மொத்த மசோதாவும் 112க்கு 305 என்று கவிழ்ந்தது. எந்தத் திருத்தத்தையும் எவரும் கொண்டுவரலாம் என்ற திறந்த விவாத முறையை அதன் பிறகு அவைத் தலைமை கைவிட்டது. முன்கூட்டி வடிகட்டப்பட்ட திருத்தங்கள் மட்டுமே இப்போது அங்கே வாக்குக்கு வருகின்றன. எது தோற்றது என்று பார்க்கும் நாம், எது வாக்குக்கே வரவில்லை என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது.

கேள்வி: வீண்செலவு என்று எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை வெட்டும் திருத்தமாவது எளிதில் வெல்லும் அல்லவா?

பதில்: பெரும்பாலும் வெல்வதில்லை. 2005 அக்டோபரில் செனட்டர் டாம் கோபர்ன், அலாஸ்காவில் ஏறத்தாழ ஐம்பது பேர் வாழும் கிராவினா தீவுக்குப் பாலம் கட்ட ஒதுக்கிய பணத்தை எடுத்து, கத்ரீனா புயலில் சிதைந்த லூயிசியானாவின் பாலத்தைச் சீரமைக்கலாம் என்று திருத்தம் கொண்டுவந்தார். நாடு முழுதும் பேசப்பட்ட அந்தத் திருத்தத்துக்குக் கிடைத்தவை 15 வாக்குகள், எதிர்ப்பு 82. அந்த 82 பேரும் அலாஸ்கா பாலத்தை விரும்பியவர்கள் அல்லர். இன்று அடுத்தவர் மாநிலத்துக்குப் போகும் பணத்தில் கை வைத்தால், நாளை தன் மாநிலத்துக்கு வரும் பணத்தில் அவர்கள் கை வைப்பார்கள் என்ற கணக்குதான் அங்கே வாக்களித்தது. தோற்ற திருத்தம் வீணாகவும் இல்லை: மக்களின் கோபம் தணியாததால் அந்த ஆண்டே பாலத்துக்கென்ற கட்டாய ஒதுக்கீட்டு வாசகம் நீக்கப்பட்டது, பணம் மாநிலத்திடமே இருந்தபோதிலும், 2007இல் மாநில அரசே பாலத்தைக் கைவிட்டது.

கேள்வி: வெட்டுத் தீர்மானங்கள் மாநிலங்களவையில் ஏன் வருவதில்லை?

பதில்: மானியக் கோரிக்கைகள் மீது வாக்களிக்கும் உரிமை மக்களவைக்கு மட்டுமே உண்டு. நிதி ஒதுக்கீட்டு மசோதா பண மசோதா என்பதால், மாநிலங்களவை 14 நாட்களுக்குள் பரிந்துரைகளோடு அதைத் திருப்பி அனுப்பலாம். ஏற்பதும் தள்ளுவதும் மக்களவையின் விருப்பம். குடியரசுத் தலைவர், உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஆகியோரின் ஊதியமும் கடன் வட்டியும் போன்ற, அரசின் வருவாய் வந்து சேரும் தொகுப்பு நிதியின் மீது நேரடியாகச் சுமத்தப்பட்ட செலவுகளுக்கு மக்களவையிலும் வாக்கெடுப்பு இல்லை; விவாதிக்கலாம், வெட்ட முடியாது.

கேள்வி: எங்கள் தொகுதி உறுப்பினர் இந்த வாக்கெடுப்புகளில் என்ன செய்தார் என்று ஒரு சாதாரண வாக்காளர் எப்படி அறிவது?

பதில்: அவை நடவடிக்கைக் குறிப்புகள் பொதுமக்களுக்குத் திறந்தவை, மக்களவையின் இணையதளத்திலும் கிடைக்கின்றன. டிவிஷன் நடந்த நாளானால், ஆம் என்ற தலைப்பின் கீழும் இல்லை என்ற தலைப்பின் கீழும் பெயர்கள் அகர வரிசையில் அச்சிடப்பட்டிருக்கும். உங்கள் உறுப்பினரின் பெயர் இரண்டிலும் இல்லாவிட்டால், அதுவும் ஒரு தகவல்தான். அன்று ஏன் வரவில்லை, அல்லது ஏன் நடுநிலை வகித்தார் என்று அவரிடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஆனால் பல ஆண்டுகளுக்கு உங்கள் தேடல் வேறு ஒரு சுவரில் முட்டி நிற்கும். மானியக் கோரிக்கைகளுக்காக ஒதுக்கிய நாட்களில் கடைசி நாளன்று, குறித்த நேரம் வந்ததும், விவாதிக்கப்படாமல் எஞ்சிய எல்லாக் கோரிக்கைகளையும் சபாநாயகர் ஒரே மூச்சில் வாக்குக்கு விடுகிறார். இதற்கு கில்லட்டின் என்று பெயர். 2018இலும் 2023இலும் அமளியில் அவை முடங்கியதால், ஒரு துறையின் கோரிக்கைகூட மக்களவையில் விவாதிக்கப்படாமல், எல்லாமே இந்த வழியில் நிறைவேறின. அமளியை நடத்தியவர்களுக்கும் அதைத் தீர்க்காமல் விட்டவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் கேள்வி கேட்கப்படாமல் போனது நம் வரிப்பணம். உறுப்பினர்கள் உழைத்து எழுதிக் கொடுத்திருந்த வெட்டுத் தீர்மானங்களும் அந்த வெள்ளத்தோடு போகின்றன.

பழைய விவாதத் தொகுதிகளை நூலகத்தில் புரட்டிப் படிப்பது என் வழக்கம். ஒரு தொகுதியில், ஏதோ ஒரு கிராமத்தில் குடிநீர்த் திட்டம் பாதியில் நின்றதைச் சொல்லி ஓர் உறுப்பினர் கொடுத்த 100 ரூபாய் வெட்டு, வரிசை எண்ணோடு அச்சாகியிருந்தது. அதற்கு முன்னும் பின்னும் பள்ளிக்கூடம், மேம்பாலம், ரேஷன் கடை என்று பக்கம் பக்கமாக மற்றவர்களின் வெட்டுகள். பல பக்கங்கள் தள்ளி, அவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வரியில் முடிவு எழுதியிருந்தது: வெட்டுத் தீர்மானங்கள் அனைத்தும் வாக்குக்கு விடப்பட்டு, ஏற்கப்படவில்லை. அந்த வரியின் கீழே பெயர் எதுவும் இல்லை.